மூன்று காளைக்கன்றில் எதைப் பொலிக்கு விடுவது?

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “எங்களிடம் ஆறு ஆலம்பாடிப் பசுக்கள் இருக்கின்றன. இந்த வருடம் மூன்று காளைக்கன்றுகள் பிறந்திருக்கின்றன. மூன்றையும் காயடிக்காமல் வளர்த்துப் பொலிகாளையாக விற்றால் நல்ல விலை கிடைக்கும் என்கிறார்கள். எப்படி வளர்ப்பது, எந்த வயதில் விற்பது, எங்கே விற்பது?”

தம்பி, நான் கால்நடை ஆய்வாளராக பாலக்கோடு, மாரண்டஅள்ளி, பென்னாகரம் என்று சுற்றி ஓய்வு பெற்றவன். இப்போது வீட்டில் நான்கு பசுக்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூன்றையும் பொலிக்கு, அதாவது பசுக்களைச் சினைப்படுத்த விடுவதற்கு, வளர்க்காதீர்கள். ஒன்றை வையுங்கள். மற்ற இரண்டும் உழவுக்கோ வண்டிக்கோ போகட்டும். ஒன்றுகூடத் தேறவில்லை என்றால் ஒன்றுகூட வைக்காதீர்கள், அதுவும் சரிதான். மோசமான பசுவால் வருடத்துக்கு ஒரு கன்றுதான் கெடும். மோசமான காளையால் ஊரே கெடும்.

எதை வைப்பது என்பதற்குக் கன்றைப் பார்க்காதீர்கள், தாயைப் பாருங்கள். பட்டி மாடுகள் காட்டு ஓரம் மேயப்போகும் ஊர்களில் கன்றுக்கு அப்பன் எது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. காரணம் நம் பழக்கம்தான். உழவு மாட்டுக்குத் திமிலும் கழுத்தும் நன்றாக வரட்டும் என்று இரண்டு பல் போடும்வரை, அதாவது இரண்டு இரண்டரை வயதுவரை, காயடிக்காமல் விடுவோம். அந்தக் காலம் முழுக்க அந்த இளங்காளைகள் மந்தையோடுதான் திரியும். ஊர் கூடிப் பார்த்துப் பார்த்து வைத்த கோயில் காளை ஒருபக்கம் நிற்க, பசு பருவத்துக்கு வந்ததும் முந்திக்கொள்வது ஏதோ ஒரு வீட்டு ஒல்லிக் கன்று. இந்தக் குழப்பத்தில் உறுதியாகத் தெரிவது தாய் ஒன்றுதான். அப்படியிருக்க அந்தத் தாயைப் பற்றியாவது நமக்கு ஏதாவது எழுத்தில் தெரிந்திருக்க வேண்டாமா?

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். பசுவுக்கு ஒரு பக்கம். தலையீத்து எப்போது, இரண்டாம் ஈத்து எப்போது, இடையில் எத்தனை மாதம், கன்று பிழைத்ததா, நஞ்சுக்கொடி தானாக விழுந்ததா, கன்று குடித்தது போக எத்தனை லிட்டர் கறந்தீர்கள், கறக்கும்போது உதைக்குமா, எத்தனை மாதத்தில் வற்றியது, கோடையில் உடம்பு எவ்வளவு இறங்கியது. இவ்வளவுதான். ஆலம்பாடி கறவைக்கான இனம் அல்ல, உழைப்புக்கான இனம். அதனால் ஐந்து லிட்டர் கறக்கும் தாயைத் தேட வேண்டாம். கன்றைக் கொழுகொழுவென்று வளர்க்கிற தாய், பதினான்கு பதினைந்து மாதத்துக்கு ஒரு கன்று போடுகிற தாய், மார்ச் ஏப்ரலில் காய்ந்த மேய்ச்சலிலும் எலும்பு தெரியாமல் நிற்கிற தாய், அதுதான் வேண்டும். உங்கள் ஆறில் அப்படி எது என்று உங்கள் அம்மாவைக் கேளுங்கள். நோட்டு இல்லாத வீட்டில் அதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். இன்றைக்கே கேட்டு எழுதிவிடுங்கள்.

தாய் தேறிவிட்டால் அடுத்து கன்று. பிறந்த அன்றே கையால் தடவி, விதை இரண்டும் பைக்குள் இறங்கியிருக்கின்றனவா, ஒரே அளவா என்று பாருங்கள். ஒன்று இறங்காமல் வயிற்றுக்குள்ளேயே நின்றிருந்தால் அந்தக் கன்று எவ்வளவு அழகாக இருந்தாலும் பொலிக்கு ஆகாது. அந்தக் குறை மகன்களுக்கும் போகும். தொப்புள் குடலிறக்கமும் அப்படியே. பின்னங்கால்கள் நேராக இருக்க வேண்டும். காளை ஏறும்போது மொத்த எடையும் பின்னங்காலில்தான் நிற்கிறது. குளம்பு இறுக்கமாக, நடை சொடுக்காமல் இருக்க வேண்டும். நிறம், நெற்றி வெள்ளை, பின்னோக்கி வளைந்த கொம்பு எல்லாம் இன அடையாளத்துக்கு. ஆலம்பாடி என்று சொல்லி விற்கப் போகிறீர்கள் என்றால் அதுவும் பொருந்த வேண்டும்தான், ஆனால் வரிசையில் அது கடைசி.

இடையில் ஒரு சின்ன விஷயம். வெளியூர்க்காரர்கள் அடிக்கடி “கிருஷ்ணகிரி பர்கூரில் பர்கூர் மாடு கிடைக்குமா” என்று கேட்டு வருவார்கள். சிவப்பில் வெள்ளைத் திட்டு உள்ள அந்தச் செம்மறை மாட்டின் ஊர் ஈரோடு மாவட்டம் அந்தியூர் மலைமேல் இருக்கும் பர்கூர். நம் பர்கூர் அல்ல. பெயரை வைத்து ஏமாற்றுகிற தரகர்களையும் பார்த்திருக்கிறேன். நம் பக்கம் ஆலம்பாடி. ஓசூர், தேன்கனிக்கோட்டை போகப் போக ஹள்ளிக்கார் என்ற கர்நாடக இனத்தின் சாயல். இரண்டும் கலந்த மாடுகளே அதிகம். உங்களுடையது கலப்பு என்றால் கலப்பு என்றே சொல்லி விற்றுவிடுங்கள். ஆலம்பாடிக்கென்று காரிமங்கலம் அருகே கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஒருமுறை போய் அங்கே கட்டியிருக்கும் மாடுகளைப் பார்த்துவிட்டு வந்தால் உங்கள் கண்ணே சொல்லும்.

சரி, வளர்ப்பு. பிறந்து இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போக வேண்டும். இருபது கிலோ கன்றுக்கு முதல் நாளில் இரண்டு லிட்டராவது. நான்கு காம்பில் இரண்டு நமக்கு, இரண்டு கன்றுக்கு என்பது வழக்கம். பொலிக்கு என்று தீர்மானித்த கன்றுக்கு முதல் மூன்று மாதம் மூன்று காம்பு விடுங்கள். அந்த வயதில் குறைந்ததைப் பின்னால் பிண்ணாக்கு போட்டு ஈடுகட்ட முடியாது. குடற்புழு மருந்து இரண்டாவது வாரத்தில் ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, அதற்குப்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. கோமாரித் தடுப்பூசி நான்காம் மாதத்தில் தொடங்கி ஆறு மாதத்துக்கு ஒருமுறை. சப்பை நோய், தொண்டை அடைப்பான் ஊசிகளை மழைக்கு முன்பே போட்டுவிடுங்கள். சினை கலைய வைக்கும் தொற்றான கன்றுவீச்சு நோய்க்கான ஊசி மட்டும் நான்கிலிருந்து எட்டு மாதத்துக்குள் இருக்கும் கிடேரிகளுக்குத்தான், காளைக்கன்றுக்குப் போடக் கூடாது. முகாமில் அவசரத்தில் வரிசையாகப் போட்டுக்கொண்டு வருவார்கள். “இது காளங்கன்று” என்று நீங்கள்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

தீவனத்தில் நம் மாவட்டத்துக்குக் குறையில்லை. ராகித்தாள் நெல் வைக்கோலைவிடச் சத்தானது. அதோடு அவரைப் பொட்டு, கொள்ளுப் பொட்டு, வேலியோர அகத்தி. ஒரு வயதுக்கு மேல் நாளுக்கு ஒரு கிலோ அடர்தீவனம், இரண்டு வயதை நெருங்கும்போது இரண்டு கிலோ, முப்பது கிராம் தாது உப்பு. சூபாபுல் மரத்தின் தழை போடுவதாக இருந்தால் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். மரவள்ளித் தழையையும் கிழங்குத் தோலையும் பச்சையாகக் கொட்டாதீர்கள், வாடவிட்டுக் கொடுங்கள். அதில் இருக்கும் நச்சு ஒரு இரவில் கன்றைச் சாய்த்துவிடும்.

பருத்திக்கொட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் காளைக்கு ஆசையாக ஆட்டி ஊற்றுவது அதைத்தான். மினுமினுப்பு வரும், கழுத்து திரளும், சந்தையில் கண்ணைப் பறிக்கும். ஆனால் பருத்திக்கொட்டையில் காசிபால் என்று ஒரு பொருள் இருக்கிறது. அது விந்தணுவைக் கெடுக்கும், அதுவும் வளரும் இளங்காளையில் அதிகமாக. காயடித்த எருதுக்குக் கொடுங்கள், கறவைக்கு அளவோடு கொடுங்கள். பொலிக்கு வளர்க்கும் கன்றின் தொட்டிக்கு அது வரவே வேண்டாம். கடலைப் பிண்ணாக்கும் கொள்ளும் போதும். அப்புறம், கொழுக்க வைக்காதீர்கள். விதைப்பையின் கழுத்தில் கொழுப்பு சேர்ந்தால் உள்ளே இருக்கும் சூடு தணியாது. விதை உடம்பைவிட நான்கைந்து டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் வேலை செய்யும். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது, கை வைத்தால் தட்டுப்பட வேண்டும். காளைக்கு அதுதான் அளவு.

தண்ணீர் விஷயம் நம் மாவட்டத்துக்கென்றே உள்ள தொல்லை. புளோரைடு மனிதர்களை என்ன செய்கிறது என்று தருமபுரிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013 முதல் காவிரித் தண்ணீர் வருகிறது. ஆனால் குழாய்த் தண்ணீரை நாம் குடித்துவிட்டு, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை மாட்டுத் தொட்டியில் விடுகிறோம். பல்லில் பழுப்புக் கறை, பல் சீக்கிரம் தேய்வது, எழும்போது மூட்டு பிடிப்பது எல்லாம் மாட்டுக்கும் உண்டு. மூட்டு பிடித்த காளை பசுமேல் ஏறத் தயங்கும். வாங்கியவர் “காளைக்கு ஆண்மை இல்லை” என்று திருப்பிக் கொண்டுவருவார், குற்றம் தண்ணீரில் இருக்கும். பல் தேய்ந்த மாட்டுக்கு வயதையும் கூட்டித்தான் மதிப்பார்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் ஒருமுறை தண்ணீரைக் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். ஏரியோ குட்டையோ நிறைந்திருக்கும் மாதங்களில் அங்கேயே காட்டுங்கள்.

எடை பார்க்கத் தராசு வேண்டாம். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரையான நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 50, நீளம் 42 என்றால் ஏறக்குறைய 159 கிலோ. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதையும், அதே நாடாவால் விதைப்பையின் பருத்த இடத்துச் சுற்றளவையும் எழுதி வையுங்கள். விதைப்பை பெரிதாக உள்ள காளையின் மகள்கள் சீக்கிரம் பருவத்துக்கு வருவார்கள் என்பது ஆராய்ச்சியில் உறுதியான விஷயம். வாங்குபவருக்கு இந்தக் கணக்கைக் காட்டுகிறவர் நம் பக்கம் அரிது.

எட்டுப் பத்து மாதத்தில் கிடேரிகளிடமிருந்து பிரித்துக் கட்டுங்கள். ஒன்றேகால் வயதில் மூக்கணாங்கயிறு. தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் நடை, அல்லது இலேசான வண்டி வேலை. கட்டியே வைத்த காளைக்குக் காலும் போகும், குணமும் போகும். இன்னொன்று முக்கியம்: குட்டியாக இருக்கும்போது நெற்றியில் கை வைத்துத் தள்ளி விளையாடாதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள். நாற்பது கிலோவில் செல்லமாக முட்டியது முந்நூறு கிலோவிலும் அதே செல்லத்தோடுதான் முட்டும். எனக்கு விலா எலும்பு ஒன்று கோணலாக இருக்கிறது, அது நானே புட்டிப்பால் கொடுத்து வளர்த்த காளையின் உபயம். பொலிக்கு ஓட்டும்போது இரண்டு பேர், இரண்டு கயிறு. எவ்வளவு சாதுவானாலும்.

நாட்டுக்காளை இரண்டு பல் போடும்போது, அதாவது இரண்டு இரண்டரை வயதில், பொலிக்குத் தயாராகும். தயார் என்றால் ஆரம்பம் என்றுதான் அர்த்தம். முதல் ஆறு மாதம் வாரத்துக்கு ஒரு பசு. நான்கு பல் ஆனபின் வாரத்துக்கு இரண்டு, மூன்று. முதல் பத்துப் பசுக்களை நோட்டில் எழுதுங்கள்: தேதி, யாருடைய பசு, திரும்பப் பருவத்துக்கு வந்ததா, மூன்று மாதத்தில் சினை பிடித்திருந்ததா. பத்தில் குறைந்தது ஆறு பசுக்கள் சினையாக வேண்டும். சினை கலைந்து கன்று வீசிய பசுவிடம் காளையை விடவே விடாதீர்கள், எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும்.

என் அனுபவம் ஒன்று. என் காளைக்குக் கோமாரி வந்து, வாயும் காலும் ஆறிவிட்டன. நன்றாகத் தின்கிறது, நடக்கிறது என்று மூன்றாவது வாரமே பக்கத்து ஊருக்கு அனுப்பினேன். ஒன்பது பசுக்களில் ஏழு சினை பிடிக்காமல் இருபத்தோராம் நாள் திரும்பவும் பருவத்துக்கு வந்து கத்தின. ஊரே என்னைத் திட்டியது. துறையில் வேலை பார்த்த எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும்: விந்தணு உருவாகி வெளியே வர ஏறக்குறைய அறுபது நாள் ஆகும். இன்றைக்கு அடித்த காய்ச்சல் இரண்டு மாதம் வரைக்கும் சினைப்பிடிப்பில் தெரியும். கடும் காய்ச்சலுக்குப்பின் இரண்டு மாதம் காளைக்கு ஓய்வு. அந்த இடைவெளியில் விற்பதும் ஏமாற்று வேலைதான்.

இனி விற்பனை. காளையை வாங்குகிறவர்கள் யார் யார்? விந்து வங்கிகளை முதலில் மறந்துவிடுங்கள். ஓசூர், ஊட்டி, ஈச்சங்கோட்டை என்று உறைவிந்து நிலையங்கள் இருக்கின்றன. ஆனால் அவர்கள் கேட்பது வருடக்கணக்கில் அதிகாரிகள் முன்னிலையில் எழுதிய தாயின் கறவைப் பதிவும், காசநோய், கன்றுவீச்சு உள்ளிட்ட பரிசோதனைகளும். ஆறு பசு வைத்திருக்கும் வீட்டால் அது ஆகாது.

இரண்டாவது, எருது விடும் விழாவுக்கு வாங்குகிறவர்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் தை பிறந்தால் இவர்கள் வருவார்கள். 2017இல் ஜல்லிக்கட்டுக்காகச் சட்டம் திருத்தி, 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அதைச் சரி என்று சொன்ன பிறகு இந்தச் சந்தை சூடாகவே இருக்கிறது. பணம் இவர்களிடம்தான் அதிகம். ஆனால் அவர்கள் பார்ப்பது ஓட்டமும் வெறியும். உங்கள் சாதுவான தாயின் சாதுவான மகன் அவர்களுக்கு வேண்டாம். மிரளுகிற கன்றாக இருந்தால் அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள். பொலிக்கு மிரளும் காளை தொல்லை.

மூன்றாவது சந்தை. குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமை, காரிமங்கலம் செவ்வாய்க்கிழமை. அங்கே போய் விலை நிலவரம் பாருங்கள், துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசுவதை வேடிக்கை பாருங்கள். ஆனால் பொலிகாளையைக் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். சந்தையில் தாய் இல்லை, நோட்டைப் புரட்டிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. உடம்புக்கும், உடம்பில் இருக்கும் மயிர்ச் சுழிக்கும்தான் விலை. தாமணிச் சுழி, கோபுரச் சுழி என்றால் ஏற்றுவார்கள், விலங்குச் சுழி, பாடைச் சுழி என்றால் இறக்குவார்கள். சுழிக்கும் சினைப்பிடிப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் விலைக்குச் சம்பந்தம் உண்டு. அதனால் பிறந்த அன்றே சுழி பார்த்துவிடுங்கள், பின்னால் நீங்கள் ஏமாறாமல் இருக்க. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தை, ஹள்ளிக்கார் சாயல் உள்ளதற்குக் கர்நாடகத்தில் காட்டி சுப்ரமண்யா சந்தை, இவை வேறு ரகம். அங்கே இனம் தெரிந்து வாங்குகிறவர்கள் வருவார்கள். ஒருமுறை வெறுங்கையோடு போய்ப் பார்த்துவிட்டு அடுத்த வருடம் காளையோடு போங்கள்.

நல்ல விற்பனை உங்கள் வீட்டுவாசலில்தான் நடக்கும். நாட்டுமாடு வைத்திருக்கிற பண்ணைக்காரர், கோயிலுக்கு விட நினைக்கிற ஊர், பத்துப் பேர் சேர்ந்து வாங்குகிற மேய்ச்சல்காரர்கள், இவர்கள் வரும்போது தாயும் அக்காள்களும் கட்டுத்தறியில் நிற்கட்டும். முடிந்தால் அந்தக் காளைக்குப் பிறந்த ஒரு கன்றும். நோட்டு, விதைப்பை அளவு, அரசுக் கால்நடை மருத்துவமனையில் எடுத்த இரத்தப் பரிசோதனைச் சீட்டு, காதில் பன்னிரண்டு இலக்க அடையாள வில்லை. கேட்கிற விலைக்கு இவை பதில் சொல்லும். பொலிகாளைகளைப் பதிவு செய்து சான்று பெறுவது பற்றி 2019இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்திருக்கிறது. உங்கள் ஊர் கால்நடை உதவி மருத்துவரிடம் அதற்கான நடைமுறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். வண்டியில் ஏற்றும்போது கால்நடை மருத்துவரின் சான்றிதழ் கட்டாயம். ஒரு லாரியில் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது.

இலாபம்? ஒரு நாளைக்கு ஐம்பது ரூபாய்தான் செலவு என்று வைத்தாலும் இரண்டரை வருடத்துக்கு நாற்பத்தைந்தாயிரத்தைத் தாண்டுகிறது, உங்கள் கூலி இல்லாமல். மூன்று கன்று என்றால் மூன்று மடங்கு. நான் ஒன்று போதும் என்பதற்கு இது பாதிக் காரணம். உழவு மாட்டுக்கு ஜோடி சேர்த்தால் மற்ற இரண்டும் நல்ல காசு, ஒரே வயது, ஒரே நிறம், ஒரே உயரம். அவை மந்தையில் பசுக்களை ஏறத் தொடங்கும் முன்பே காயடித்துவிடுங்கள், திமில் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

கடைசியாக நீங்கள் கேட்காத ஒன்று. விற்காமல் நீங்களே வைத்துக்கொண்டு பொலிக்கு விட்டுக் காசு வாங்கலாமே என்று தோன்றும். வாங்கலாம், ஆனால் மூன்று வருடத்துக்கு மேல் ஒரே ஊரில் அந்தக் காளை நிற்கக் கூடாது. அதற்குள் அதன் மகள்கள் பருவத்துக்கு வந்துவிடுவார்கள். அப்பனும் மகளும் சேர்ந்தால் கன்றுகள் சிறுக்கும், சினைப்பிடிப்பு குறையும். அந்தச் சமயத்தில் பணத்துக்கு விற்பதைவிட, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இதேபோல நோட்டு வைத்திருக்கும் ஒருவரிடம் காளைக்குக் காளை மாற்றிக்கொள்வது எனக்குப் பிடித்த வழி. அப்படி ஒருவர் உங்கள் பக்கம் இல்லை என்றால், உங்கள் நோட்டைக் காட்டி யாரையாவது ஆரம்பிக்க வையுங்கள். மூன்று வருடம் இருக்கிறது.